எடையில் தொடங்கும் உயரம்

சுசுகி ஜிம்னி போல முன்னும் பின்னும் விறைப்பான முழு ஆக்ஸில் கொண்ட வண்டிக்கு நீளமான ஸ்பிரிங் போட்டால் சேஸிஸும் பாடியும் உயரும். ஆக்ஸிலோடு சேர்ந்த டிஃபரன்ஷியல் பழைய உயரத்திலேயே நிற்கும். அதைத் தரையிலிருந்து விலக்கப் பெரிய டயர் வேண்டும். இப்படி உயர்த்துவதான லிஃப்ட் தருவது கோணங்களை. மேட்டில் ஏறும்போது முன்பம்பர் இடிக்காது, இறங்கி முடிக்கும்போது பின்பம்பர் தட்டாது, முகட்டைத் தாண்டும்போது வண்டியின் வயிறு உரசாது. மூன்று கதவு ஜிம்னியின் வீல்பேஸ் 2,250 மி.மீ., முகடு தாண்டும் கோணம் 28 பாகை. ஐந்து கதவு வண்டியில் வீல்பேஸ் 2,590 மி.மீ. ஆக நீண்டதால் அந்தக் கோணம் 24 பாகையாகக் குறைந்தது. நீண்ட வண்டியை 50 மி.மீ. உயர்த்தினால் இழந்த நான்கு பாகையும் ஏறத்தாழ முழுதாகத் திரும்பிவிடும். அந்தச் சிறு உயரத்துக்கு இது பெரிய லாபம். அதற்கு மேல் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஸ்டியரிங்கிலும் வளைவுகளிலும் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

உயரம் எவ்வளவு என்பது முடிவானதும் லிஃப்ட் கிட் விற்கும் கடைக்காரர் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, வண்டி எப்போதும் சுமக்கும் எடை எவ்வளவு என்பது. நல்ல கடையை அடையாளம் காண இந்தக் கேள்வியே போதும். ஐந்து கதவு ஜிம்னி காலியாகச் சுமார் 1,200 கிலோ. அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,545 கிலோ. இடைவெளி சுமார் 345 கிலோ. நான்கு பேர் ஏறினாலே அதில் பெரும்பகுதி போய்விடும். இரும்பு பம்பரும் வின்ச்சும் முன் ஆக்ஸில்மேல் நிரந்தரமாக ஏறி உட்கார்ந்தால் கணக்கே மாறுகிறது. நிரந்தரமாக இருக்கும் எடைக்கே ஸ்பிரிங் தேர்வு செய்ய வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை போகும் நெடும்பயணத்தின் சுமையை நினைத்துக் கனமான ஸ்பிரிங் வாங்கினால் மீதி நாளெல்லாம் வண்டி குதித்துக்கொண்டே ஓடும்.

சுருள் ஸ்பிரிங் வண்டியை உயர்த்த இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, விறைப்பை மாற்றாமல் நீளத்தைக் கூட்டுவது. மற்றது, நீளத்தை அப்படியே வைத்து விறைப்பைக் கூட்டுவது. வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஓட்டிப் பார்த்தால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. ஒரு மூலையில் 250 கிலோ எடை. ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர் அமுங்க 2 கிலோ வேண்டும் என்று வைத்துக்கொண்டால், வண்டி நிற்கும்போதே அது 125 மி.மீ. அமுங்கியிருக்கும். அந்த எடை நொடிக்கு 1.4 முறை ஊசலாடும். மனித உடம்புக்கு இது இதமான வேகம். விறைப்பை மட்டும் கூட்டி 40 மி.மீ. உயர்த்த வேண்டுமானால் அமுக்கம் 85 மி.மீ. ஆகக் குறைய வேண்டும். விறைப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும், ஊசலாட்டம் நொடிக்கு 1.7 முறையைத் தொடும். இந்த மாற்றத்துக்குக் கம்பியின் தடிமன் பத்தில் ஒரு பங்கு கூடினாலே போதும், ஏனெனில் ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 12 மி.மீ. கம்பிக்கும் 13.2 மி.மீ. கம்பிக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குச் சட்டென்று தெரியாது; முதுகுக்குத் தெரியும். அதனால் விறைப்பு எண்ணைச் சொல்லாமல் எத்தனை அங்குலம் உயரும் என்பதை மட்டும் அச்சிட்ட பெட்டியை நம்பக்கூடாது.

மென்மை சொகுசுக்கு மட்டுமல்ல, பிடிப்புக்கும் வேண்டும். குண்டும் குழியுமான இடத்தில் ஒரு சக்கரம் மேலேறும்போது எதிர்ச் சக்கரம் கீழே தொங்கித் தரையைத் தொட வேண்டும். தொடாத சக்கரம் வண்டியைத் தள்ளாது. 1970இல் வந்த ரேஞ்ச் ரோவர் இதை அழகாகக் காட்டியது. பட்டை ஸ்பிரிங்கும் விறைப்பான ஓட்டமும் இத்தகைய வண்டியின் இலக்கணமாக இருந்த காலத்தில், அது முன்னும் பின்னும் நீண்ட, மென்மையான சுருள்களோடு வந்தது. சுமை ஏறும்போது பின்பக்கம் தாழாதிருக்கப் பின் ஆக்ஸிலின் நடுவில் போகே நிறுவனத்தின் தன்சமன் கருவி ஒன்று. ஸ்பிரிங்கை விறைப்பாக்காமல் சுமையைத் தாங்கும் அந்தத் தீர்வின் நுட்பத்துக்கு ஈடான லிஃப்ட் கிட் இன்றும் அரிது.

முன் ஸ்பிரிங்கையும் பின் ஸ்பிரிங்கையும் தனித்தனியே தேர்ந்தாலும் அவை ஒரே தாளத்தில் சேர வேண்டும். 1930களில் கேடிலாக்கில் பணியாற்றிய மாரிஸ் ஓலி, பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சற்று வேகமாக ஊசலாட வேண்டும் என்று கண்டார். மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது. தாமதமாகத் தொடங்கும் பின்பக்கம் எட்டிப் பிடித்துவிட்டால் வண்டியின் முன்பின் ஆட்டம் சீக்கிரம் அடங்கும். வின்ச்சுக்காக முன்னால் மிகக் கனமான சுருளைப் போட்டுப் பின்னால் கம்பெனி ஸ்பிரிங்கையே விட்டால் இந்த ஒழுங்கு தலைகீழாகும். ஆஸ்திரேலியாவின் ஓல்டு மேன் ஈமு போன்ற நிறுவனங்கள் ஒரே உயரத்துக்கு வெவ்வேறு எடைத்தரங்களில் ஸ்பிரிங் விற்பது இதனால்தான். லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் ஓட்டுநர் பக்கச் சுருளும் மறுபக்கச் சுருளும்கூட வேறு வேறு. எது எது என்பதைச் சுருளில் பூசிய வண்ணக் கோடுகள் சொல்லும். ஒரு மனிதரின் எடையைக் கூடக் கணக்கில் எடுத்துக்கொண்ட அந்தக் கவனம் பாராட்டுக்குரியது.

ஷாக் அப்சார்பர் வண்டியைத் தாங்குவதில்லை. தாங்குவது ஸ்பிரிங், ஸ்பிரிங் வாங்கிய அதிர்வை எண்ணெயில் சூடாக்கிக் கரைப்பதுதான் ஷாக்கின் தொழில். அமுங்கும்போது குறைவாகவும், ஸ்பிரிங் விரிந்து திரும்பும்போது அதிகமாகவும் அது தடுக்கும். விறைப்பு ஒன்றரை மடங்கானால் தடுக்கும் விசையும் ஐந்தில் ஒரு பங்கு கூட வேண்டும். பழைய ஷாக்கை அப்படியே விட்டால் ஒரு குழிக்குப் பிறகு வண்டி இரண்டு மூன்று முறை ஆடும். மறுபக்கம், விரிவதை அளவுக்கு மீறித் தடுக்கும் ஷாக்கும் தவறுதான். அடுத்தடுத்து வரும் மேடுகளில் சக்கரம் இறங்க நேரமில்லாமல் வண்டி படிப்படியாகத் தாழ்ந்து, கடைசியில் சக்கரத்தின் மேலேற்றத்தை நிறுத்தும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் உட்கார்ந்துவிடும்.

நீளமும் பொருந்த வேண்டும். நீளமான ஸ்பிரிங்கோடு பழைய ஷாக்கை விட்டால், வண்டி 50 மி.மீ. உயர்ந்த அளவுக்குச் சக்கரம் கீழே தொங்கும் தூரம் குறைகிறது. லிஃப்ட் எதற்காகச் செய்யப்பட்டதோ அதுவே பறிபோகிறது. நீளமான ஷாக்கிலோ வேறு ஆபத்து: சக்கரம் முழுதும் மேலேறும்போது பம்ப் ஸ்டாப் ரப்பர் தொடுவதற்கு முன் ஷாக் தன் அடியில் முட்டிவிடக்கூடாது. முட்டினால் ஷாக்கோ அதன் மவுண்டோ உடையும். இரண்டு முனைகளையும் அளந்த பிறகே ஷாக் வாங்க வேண்டும்.

உள்ளமைப்பில் இரண்டு மரபுகள். இரட்டைக்குழாய் ஷாக்கில் பிஸ்டன் ஓடும் குழாயைச் சுற்றி இன்னொரு குழாய் காப்பாக நிற்கும். கல் அடித்து வெளிக்குழாய் நசுங்கினாலும் பிஸ்டன் ஓடும். ஒற்றைக்குழாய் ஷாக்கைப் பிரெஞ்சுப் பொறியாளர் பூர்சியே த கார்போன் உருவாக்க, ஜெர்மனியின் பில்ஸ்டைன் 1950களில் பெருமளவில் தயாரித்தது. அதில் எண்ணெய்க்கும் அழுத்தமேற்றிய நைட்ரஜனுக்கும் நடுவே ஒரு மிதக்கும் பிஸ்டன் இருக்கும். எண்ணெய் நுரைக்காது, ஒரே சுவர் என்பதால் சூடும் எளிதில் வெளியேறும். மேற்கு ஆஸ்திரேலியாவின் கிப் ரிவர் ரோடு போன்ற சுமார் 660 கி.மீ. பாதையில், அலை அலையான மண் மணிக்கணக்கில் அதிர வைக்கும்போது இந்தக் குளிர்ச்சியின் அருமை புரியும். பாறை நிறைந்த மெதுவான மலைப்பாதைக்குக் கல்லடி தாங்கும் இரட்டைக்குழாயே பொருத்தம், விலையும் குறைவு.

உயர்த்திய பிறகு சரிசெய்ய வேண்டியவையும் உண்டு. ஜிம்னியிலும் லேண்ட் குரூஸர் 80இலும் முன் ஆக்ஸிலைப் பிடிக்கும் கைகள் கீழ்நோக்கிச் சாய்வதால் ஆக்ஸில் திரும்பி, ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வான காஸ்டர் சில பாகை குறையும். ஸ்டியரிங் தானாக நேராவது மந்தமாகும். துளை நடுவிலிருந்து தள்ளிய ரப்பர் புஷ் அதைத் திருத்தும். ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பானார்டு ராடு, வண்டி உயர்ந்ததும் அதைச் சில மில்லிமீட்டர் ஒருபக்கமாக இழுக்கும். நீளம் மாற்றக்கூடிய ராடு போட்டால் தீர்ந்தது. பிரேக் ஹோஸ் சக்கரம் முழுதும் தொங்கும்போதும் இழுபடாமல் இருக்கிறதா, புரொப்பெல்லர் ஷாப்டின் கோணம் அதிர்வைக் கொடுக்கிறதா என்பதையும், ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் படுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

பொருத்தும் வேலையில் தேர்ந்த மெக்கானிக்கைக் காட்டிக்கொடுப்பது புஷ் போல்ட். வண்டி ஜாக்கில் தொங்கும்போது அதை முழுதாக முடுக்கினால், இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு விரைவில் கிழியும். சக்கரங்கள் தரையில் நின்று வண்டி தன் எடையில் அமர்ந்த பிறகே இறுதி முடுக்கு. முன்னும் பின்னும் வீல் ஆர்ச்சின் உயரத்தைக் குறித்துவைத்து, சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் படிந்ததும் மறுபடி அளந்து, போல்ட்டுகளைச் சரிபார்த்து, அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.