சீவகன் கேட்ட கதையும் கண்ட பலாச்சுளையும்

என் பேரன் ஹாரி பாட்டர் நாவலை மூன்று தடவை படித்துவிட்டான். "தாத்தா, அந்தப் பையன் நான்தான்" என்கிறான். பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளை உறவினர் வீட்டில் வளர்ந்து, தன் பிறப்பின் கதையைப் பிறர் வாயால் அறிகிறது. இது நமக்குப் புதுசா? திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணி அப்படித்தானே தொடங்குகிறது! அமைச்சன் கட்டியங்காரன் நாட்டைப் பறிக்க, அரசி விசயை மயிற்பொறி ஏறிப் பறந்து சுடுகாட்டில் பிள்ளை பெறுகிறாள். இறந்த குழந்தையைப் புதைக்க வந்த வணிகன் கந்துக்கடன் அந்தப் பிள்ளையை எடுத்து வளர்க்கிறான். (வணிகனுக்குக் காப்பியத்தில் இவ்வளவு நல்ல இடம் கிடைப்பது அபூர்வம், எங்களைப் போன்றோர்க்கு அதில் ஒரு பெருமை.)

1887-இல் உ.வே. சாமிநாதையர் அச்சிட்ட இந்நூலை, எட்டுத் திருமணங்களைக் கணக்கிட்டு மணநூல் என்றே பலரும் பேசிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது போதவில்லை. இதில் நாயகனே இரண்டு இடங்களில் நம்மைப் போல ஒரு வாசகனாக நிற்கிறான் என்பதை யாரும் அழுத்திச் சொல்லக் காணோம்.

முதல் இடம்: ஆசிரியர் அச்சணந்தி, யாரோ ஒருவன் கதை போல அவனுடைய பிறப்பையே சொல்கிறார். "அவன் யார்?" என்று கேட்கிறான். நீதான் என்றதும் மயங்கி விழுகிறான், தெளிந்ததும் சினம். ஓராண்டு பொறு என்று ஆசிரியர் வாக்கு வாங்க வேண்டியதாகிறது.

இந்த இடத்தைப் பதினெட்டு வயதில் படித்தபோது நானும் கொதித்தேன். எங்கப்பாவின் கடையைப் பங்காளிகள் எடுத்துக்கொண்டிருந்த சமயம். சீவகன் நான்தான் என்று நினைத்துக்கொண்டுதான் கம்பத்திலிருந்து குமுளி மலையேறி, சக்குபள்ளத்தில் ஏலக்காய்த் தொழிலுக்கு வந்தேன்.

இரண்டாவது இடம் முத்தி இலம்பகம். அரசனாகிவிட்ட சீவகன் சோலையில் ஒரு காட்சி பார்க்கிறான். கடுவன் தன் மந்திக்குப் பலாச்சுளை கொடுக்கிறது. காவல்காரன் குரங்குகளை விரட்டிச் சுளையைப் பிடுங்கித் தின்கிறான். சின்ன வயதில் எல்லாம் இழந்தவன், பழம் இழந்த மந்தியாகத் தன்னை நினைத்திருக்கலாம். அப்படி நினைக்கவில்லை. மந்தி கட்டியங்காரன், பிடுங்கிய காவல்காரன் நான் என்கிறான். இம்முறை 'அது நீ' என்று சொல்ல ஆசிரியர் யாரும் பக்கத்தில் இல்லை. துறவு அங்கிருந்து பிறக்கிறது. இந்த இரு இடங்களுக்கும் நடுவில் அவன் வளர்ந்த வளர்ச்சிதான் நூல் என்பது என் துணிபு.

இதுவும் ஏட்டறிவால் வந்ததில்லை. 2019-இல் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போன காய், 2021-இல் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. என்னிடம் முன்பணம் வாங்கியிருந்த சிறு விவசாயி ஒருவர் அப்போது இருந்த காயெல்லாம் கொண்டுவந்து போட்டார். விலை மீளும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மகள் கல்யாணம், அவரால் காத்திருக்க முடியவில்லை, என்னால் முடிந்தது. எடையிலும் கணக்கிலும் ஒரு பைசா தப்பில்லை. அந்தக் காயை விற்ற வருஷம்தான் முத்தி இலம்பகத்தை மறுபடி எடுத்தேன். அந்தப் பாட்டைத் தாண்ட ஒரு வாரம் ஆச்சு. துறவெல்லாம் என்னால் ஆகாது. அவர் பேரேட்டில் நின்ற பாக்கியை மட்டும் அடித்துவிட்டேன்.

பேரனுக்குக் குரங்குக் கதையைச் சொன்னேன். எங்கள் கடைக்குப் பின்னாலும் பலா உண்டு, குரங்கும் உண்டு, அவனுக்குப் பிடித்துப்போயிற்று. "அந்தக் காவல்காரன் பேர் என்ன தாத்தா?" என்று கேட்டான். தேவர் அவனுக்குப் பேர் வைக்கவில்லை.