கப்பல் மேல் எரிந்த அடுப்பு

அமெரிக்க ஆசிரியர் ஹெர்மன் மெல்வில் 1851இல் வெளியிட்ட ‘மோபி டிக்’ என்னும் திமிங்கில வேட்டைப் பெருங்கதையைப் படிக்கும் அன்பர் பலர், கதையை மட்டும் பற்றிக்கொண்டு, தொழிலை விவரிக்கும் அதிகாரங்களைப் புரட்டித் தள்ளிவிடுகின்றனர். தள்ளப்படும் அப்பகுதிகளே நூலின் உயிர் என்று நாம் கூறத் துணிகின்றோம். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தமிழர் இதனை எளிதில் உணர்வர்.

திமிங்கிலத்தின் கொழுப்பு, ஆரஞ்சுப் பழத்தின் தோல் போலச் சுற்றிச் சுற்றி உரிக்கப்படுகின்றது. பின்னர் ஏடு ஏடாகக் கீறி, கப்பல் தளத்தின்மேல் செங்கல்லால் கட்டிய அடுப்பில் பதித்த இரு கொப்பரைகளில் இட்டு உருக்குகின்றனர். முதல் தீக்கு மட்டுமே விறகு வேண்டும். அப்பால் நெய் வடிந்த சக்கையே எரிபொருள்! திமிங்கிலம் தன் உடலாலேயே தான் வேகின்றது. 96ஆம் அதிகாரம் இதனைப் புகை நாற்றத்தோடு நம்முன் நிறுத்துகின்றது.

பால்மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டத்தார்க்கு இது புதிதோ? செம்பனை ஆலையின் கொதிகலத்திற்கு இரையாவன, பிழிந்த பழத்தின் நாரும் கொட்டை ஓடுமே யன்றோ! இஃது உவமை மட்டுமன்று. 1925இல் ‘லான்சிங்’ என்னும் ஆலைக்கப்பல், பின்புறச் சறுக்குப்பாதை வழியே முழுத் திமிங்கிலத்தையும் தளத்திற்கு இழுத்தது. அக்காலத்தில் ஐரோப்பியரின் மார்ஜரினுக்கும் சவர்க்காரத்திற்கும் திமிங்கில நெய் சென்றது. 1982இல் அனைத்துலகத் திமிங்கில ஆணையம் வணிக வேட்டையை நிறுத்தத் தீர்மானித்தது. 1986இல் அது நடப்புக்கு வந்தது. இன்று அப்பண்டங்களுக்குச் செம்பனை எண்ணெய் செல்கின்றது.

கூலி பேசும் காட்சியும் சுவையானது. கப்பற் பங்காளியாகிய பில்டாட், வேதப்புத்தகத்தை விரித்துக்கொண்டே, வரவில் 777இல் ஒரு பங்கு போதும் என்கின்றார்! ஈற்றில் 300இல் ஒன்றாக முடிகின்றது. கங்காணியின் தலைக்காசு அறிந்த நம் முன்னோர் நகைத்திருப்பர்.

குறையும் உண்டு. 87ஆம் அதிகாரத்தில் மலாக்கா தீபகற்பம் பேசப்படுகின்றது. மலாய் மக்களோ கொள்ளையராக மட்டுமே வருகின்றனர். குவிக்வெக் என்னும் தீவினனை உயிர்த்தோழனாக்கிய பேனா இங்கு ஏன் சறுக்கிற்று?

நற்றிணையில் பரதவரின் மீன்நெய் விளக்கு கிளிஞ்சிலில் ஒளிர்கின்றது; அந்நெய்யைக் காய்ச்சிய கையை அப்பாட்டுக் காட்டவில்லை. பாட்டுக்கு அது பொருந்தும். தோட்டத்தைப் பற்றிய நம் கதைகள் பலவும் அவ்வாறே நின்றுவிட்டன. அவற்றில் தாய் அழுகின்றாள், கங்காணி அதட்டுகின்றான். கத்தி பட்டையில் எத்துணை ஆழம் செல்லலாம், மழை வந்தால் மங்கிலுள்ள பால் என்னாகும் என்று கேட்டால் கதாசிரியர் விழிப்பார். பால் வெட்டிய பாட்டியோ நொடியில் சொல்லிவிடுவாள்.