எந்த எடைக்கு?

மாணவ நண்பர்களே, புதிய நானோ கலப்புப் பொருள் கிலோகிராமுக்கு இத்தனை வாட்-மணி ஆற்றலைச் சேமிக்கும் என்று படித்ததும் வியந்துவிடாதீர்கள். எந்த எடைக்கு என்று கேளுங்கள்.

2011-இல் ‘சயின்ஸ்’ இதழில் யூரி கோகோட்சியும் பாட்ரிஸ் சைமனும் எழுதிய சிறு கட்டுரை இதைத்தான் கேட்டது. கடையில் விற்கும் மீமின்தேக்கியின் எடையில் கரிப்பொருள் சுமார் 30 சதவீதமே. மீதி மின்பகுபொருள், உலோகத் தகடு, பிரிப்பான், உறை. ஆகவே மின்முனைக் கணக்கை 3 அல்லது 4-ஆல் வகுக்க வேண்டும். மின்முனை மெல்லிய படலமாயின் அதுவும் போதாது. சுளையை மட்டும் நிறுத்துவிட்டு முழுப் பலாவைச் சுமக்கச் சொல்வது முறையா?

கட்டுரை கணக்கைத் திருத்துகிறது, நன்று. ஆனால் பெரிய எண்ணுக்கே பாராட்டும் பதவியும் தரும் வழக்கம் மாறாமல் கணக்கு நேராகாது. நாளை நீங்கள் ஆய்வேடு எழுதும்போது முழு எடையையும் எழுதுங்கள். எண் சிறுத்தாலும் உண்மை சிறுக்காது.