மதிப்பீட்டுக் கட்டணம்: காசு என்னுது, அறிக்கை யாருது?

அணுபுரம் குவார்ட்டர்ஸில் இருப்பவர்களுக்குச் சொந்த வீட்டு யோசனை கொஞ்சம் லேட்டாகத்தான் வரும். ரிட்டயர்மென்ட் தூரத்தில் தெரிய ஆரம்பித்ததும், ஞாயிற்றுக்கிழமைகளில் திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு என்று வீடு பார்க்கக் கிளம்புவோம். நானும் கிளம்பினேன். திருக்கழுக்குன்றத்தில் ஒரு பழைய தனி வீடு பிடித்தது. பேசிய விலை 60 லட்சம். வங்கியில் லோனுக்கு விண்ணப்பித்தேன்.

வங்கி அனுப்பிய வேல்யூவர் வந்தார். டேப் வைத்து அளந்தார், நாலு பக்கமும் போட்டோ எடுத்தார். இருபது நிமிஷ வேலை. கட்டணம் 3,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டியோடு 3,540. கட்டியது நான். ஒரு வாரம் கழித்து, வீட்டின் மதிப்பு 54 லட்சம்தான் என்று வங்கியில் சொன்னார்கள். ஏன் 54 என்று கேட்டேன்.

"அது எங்க இன்டர்னல் டாக்குமென்ட் சார், தர முடியாது."

அந்த 3,540 ரூபாய் போனதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. அந்த 54-தான் உறுத்தியது. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதமும், 75 லட்சம் வரை 80 சதவீதமும், அதற்கு மேல் 75 சதவீதமும்தான் உச்சவரம்பு. 60 என்றால் எனக்கு 48 லட்சம் வரை கிடைத்திருக்கும். 54 என்றால் 43.2. நடுவில் விழுகிற 4.8 லட்சத்தை நான்தான் புரட்டணும். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் தனி.

பணத்தைவிட முக்கியமானது காரணம். கட்டடம் பழசு என்பதற்காகக் குறைத்திருந்தால், நான் ஓனரிடம் பேரம் பேசலாம். அனுமதி இல்லாத கட்டுமானம், பாதைப் பிரச்சினை மாதிரி ஏதாவது இருந்து குறைத்திருந்தால், வாங்குவதையே மறுபடி யோசிக்கணும். எங்கள் பக்கம் இந்த மாதிரி சிக்கல்கள் ஜாஸ்தி. மாமல்லபுரத்தில் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடத்துக்குத் தடை, அதற்கடுத்த 200 மீட்டரில் தொல்லியல் துறை சார்ந்த முன் அனுமதி வேண்டும். கடலோரம் போனால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள். ஒரு வேல்யூவர் இதையெல்லாம் பார்த்து எழுதியிருந்தால், அது முதலில் தெரிய வேண்டியது வாங்குகிற ஆளுக்கு.

விதி என்ன சொல்கிறது என்று தேடினேன். 2024 ஏப்ரல் 15 அன்று ரிசர்வ் வங்கி 'முக்கிய விவரங்கள் அறிக்கை' பற்றி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் புதிய சில்லறைக் கடன்களுக்கு அது கட்டாயம். நல்ல சுற்றறிக்கைதான். அதன் படிவத்தில் மதிப்பீட்டுக் கட்டணத்துக்குத் தனி வரியே இருக்கிறது: வங்கிக்குப் போகிறதா, வங்கி வழியாக மூன்றாம் நபருக்கா என்று பிரித்துக் காட்டணும். மூன்றாம் நபருக்காக வசூலிப்பதை ஆண்டு சதவீத விகிதத்திலும் சேர்க்கணும். அதோடு, அப்படி வசூலிக்கும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீதையும் தொடர்புடைய ஆவணங்களையும் கடன் வாங்குபவருக்குத் தரணும் என்கிறது.

'தொடர்புடைய ஆவணங்கள்' என்றால் எவை? சுற்றறிக்கை விளக்கவில்லை. மதிப்பீட்டுக்குக் கட்டிய பணத்தோடு மதிப்பீட்டு அறிக்கையை விடத் தொடர்புடைய ஆவணம் வேறென்ன இருக்க முடியும் என்பது என் வாதம். வங்கியில் ரசீது மட்டும் கொடுத்தார்கள். ஒரு வார்த்தையைத் தெளிவாக எழுதியிருந்தால் முடிந்திருக்கும் வேலை.

அமெரிக்காவில் 2014 ஜனவரியிலிருந்து, முதல் அடமானக் கடனுக்கான மதிப்பீட்டு அறிக்கையின் நகலை விண்ணப்பதாரருக்குத் தந்தே ஆகணும். இங்கிலாந்தில் இன்னும் முன்னாலேயே, 1989இல், ஸ்மித் எதிர் எரிக் எஸ். புஷ் வழக்கு. கடன் தரும் சங்கம் அனுப்பிய மதிப்பீட்டாளர், பெரிய ரிப்பேர் எதுவும் தேவையில்லை என்று எழுதிவிட்டார். அதை நம்பி அந்தம்மா வீடு வாங்கினார். கீழே தாங்குகிற சுவர்ப்பகுதியை யாரோ முன்பே இடித்திருந்ததால், பிற்பாடு புகைபோக்கி கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்தது. 'நாங்கள் பொறுப்பல்ல' என்ற பொடி எழுத்து அங்கே எடுபடவில்லை. கட்டணம் கட்டுவதும் அறிக்கையை நம்புவதும் வாங்குபவர்தான் என்று மதிப்பீட்டாளருக்குத் தெரியும், அதனால் அவருக்கும் கடமை உண்டு என்றது பிரபுக்கள் சபை.

அறிக்கையைக் கொடுத்தால் வாங்குபவரும் விற்பவரும் வேல்யூவரை நெருக்குவார்கள் என்று ஒரு வங்கி நண்பர் சொன்னார். நியாயமான பயம். அவர் பேரையும் போன் நம்பரையும் மறைத்துவிட்டுக் கொடுங்கள், முடிவெடுத்த பிறகு கொடுங்கள். கொடுக்காமலே இருப்பதற்கு அது காரணம் ஆகாது.

கடைசியில் நானே ஒரு சிவில் என்ஜினியரைக் கூட்டிப்போனேன். அதற்குத் தனியாகப் பணம். அவர் பிளானைக் கையில் வைத்துக்கொண்டு மொட்டைமாடி வரை ஏறிப் பார்த்து, பின்பக்கம் விடவேண்டிய இடத்தில் ஒரு ரூமும் பாத்ரூமும் அனுமதியில்லாமல் கட்டியிருப்பதைக் காட்டினார். ஓனரிடம் பேசினேன், அவர் இறங்கி வரவில்லை, நான் விலகிவிட்டேன். அந்த 54க்கும் இதுதான் காரணமா என்று வங்கியில் எழுதிக் கேட்டேன். விண்ணப்பம் முடிக்கப்பட்டது, கட்டணம் திரும்பத் தரப்படாது என்று பதில் வந்தது.