விளைவை அளக்கும் கோல் எது? இந்திய அமைதி காக்கும் படை பற்றிய தளபதியர் நூல்களும் ‘முறிந்த பனை’யும்

உறையூரை முற்றியிருந்த நலங்கிள்ளியையும் உள்ளே அடைத்திருந்த நெடுங்கிள்ளியையும் நோக்கிக் கோவூர்கிழார் பாடிய புறநானூற்று 45ஆம் பாட்டுக்குத் துணைவஞ்சி எனத் துறை வகுத்துள்ளனர். வெல்வேன் அல்லது கொல்வேன் என நிற்பவனிடம் மூன்றாமவர் ஒருவர் சென்று சில கூறிச் சந்து செய்வித்தலே அத்துறையின் பொருள். பொருபவர் இருவரும் ஆத்தி சூடும் ஒரே குடியினர். இடைப்புகுந்த புலவரோ படையின்றி வந்தவர். அவ்விடையீடு பயன் தந்ததா என்பதைப் பாட்டு கூறவில்லை. ஆனால் 47ஆம் பாட்டின் கொளு நெடுங்கிள்ளியைக் ‘காரியாற்றுத் துஞ்சிய’ என்னும் அடையோடு சுட்டுகிறது. இருவரும் ஒருவரே எனக் கொண்டால், சந்து நிலைக்கவில்லை என்ற செய்தியை அந்த ஓர் அடைமொழிதான் நமக்குச் சொல்லி நிற்கிறது. விளைவு பாட்டில் இல்லை, பெயரில் தங்கியிருக்கிறது.

ஓர் உள்நாட்டுப் போரில் அயல்நாட்டுப் படை இடைப்புகுந்ததன் விளைவு எங்கே, யாரால், எந்தச் சொல்லில் பதிவாகிறது என்னும் வினாவுக்கு இச்செய்தி வழிகாட்டுகிறது. 1987 முதல் 1990 வரை ஈழத்தில் நிலைகொண்ட இந்திய அமைதி காக்கும் படை பற்றிய விவாதம், அது வென்றதா தோற்றதா என்னும் ஒற்றை வினாவிலேயே பல்லாண்டுகளாகச் சுழன்று வருகிறது. படைத்தலைவர்களும் தூதரும் ஆங்கிலத்தில் எழுதிய நூல்களையும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர் நால்வர் எழுதிய ‘முறிந்த பனை’யையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், இருசாராரும் ஒரே வினாவுக்கு மாறுபட்ட விடை தரவில்லை என்பதும், அவர்கள் கையிலுள்ள அளவுகோல்களே வேறு என்பதும் புலனாகும். அவ்வேறுபாட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிகழ்வுகளைச் சுருங்கக் கூறின் போதும். 1987 சூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தனர். மறுநாளே படை இறங்கத் தொடங்கியது. மக்கள் மாலையிட்டு வரவேற்றனர். செப்டம்பர் 26இல் திலீபன் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார். அக்டோபர் 5இல் பலாலியில் காவலில் இருந்த புலிகளுள் பன்னிருவர் நஞ்சருந்தி இறந்தனர். அதையடுத்துக் கிழக்கில் சிங்களப் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். அக்டோபர் 10 அளவில் அமைதி காக்க வந்த படை, ‘பவன்’ என்னும் பெயரிட்ட போர் நடவடிக்கையில் இறங்கியது. 1990 மார்ச் 24இல் கடைசி அணியும் திருகோணமலையிலிருந்து கப்பலேறியது. இந்தியத் தரப்பில் இறந்தோர் ஏறத்தாழ 1,200 பேர்.

தளபதியர் கணக்கு

படையின் ஒட்டுமொத்தத் தலைவராக இருந்த திபிந்தர் சிங்கின் நூலும், யாழ்ப்பாணத்தில் 54ஆம் டிவிஷனைப் பின்னாளில் நடத்திய சர்தேஷ்பாண்டேயின் நூலும் 1992இல் வெளிவந்தன. அந்த டிவிஷனை முதலில் அழைத்துவந்த ஹர்கிரத் சிங் 2007இல்தான் எழுதினார். மூவரும் ஒருவரையொருவர் ஒத்தவரல்லர். எனினும் இந்நூல்களின் கட்டமைப்பில் ஒரு பொதுப்பண்பு காணப்படுகிறது. ‘அப்படிச் செய்திருந்தால்’ என்னும் எதிர்மறை நிபந்தனையே இவற்றின் உயிர்நாடி. பலாலிக் கைதிகளைக் கொழும்புக்குக் கொண்டுசெல்ல விடாதிருந்தால், உளவுச் செய்தி சரியாக இருந்திருந்தால், தில்லியின் கட்டளை ஒரே குரலில் வந்திருந்தால் என அந்நிபந்தனை பல வடிவு கொள்கிறது. செப்டம்பர் நடுவில் பேச்சுக்கு வரும் பிரபாகரனைச் சுட்டுவிடுமாறு தூதர் தீட்சித் கூறியதாகவும், வெள்ளைக்கொடியின் கீழ் வருபவரைப் படைவீரன் சுடுவதில்லை எனத் தாம் மறுத்ததாகவும் ஹர்கிரத் சிங் எழுதுகிறார். தீட்சித் 2005இலேயே மறைந்துவிட்டார். மறுமொழி கூற அவரில்லை. இதன் உண்மையை முடிவுசெய்வது வரலாற்றாசிரியர் பணி. இலக்கிய மாணவன் நோக்க வேண்டியது, நூலில் அந்நிகழ்ச்சி பெறும் இடத்தை. தோல்வியின் பொறுப்பு ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்துக்கு நகர்த்தப்படும் வழக்காடலில் அது முதன்மைச் சான்றாகிறது.

1987 அக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் திடலில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட சீக்கிய இலகு காலாட்படையினர் 30 பேருள் 29 பேர் மாண்டனர், ஒருவர் சிறைப்பட்டார். படைத்துறை எழுத்துகளில் இந்நிகழ்ச்சி துயரோடும் சினத்தோடும் மீண்டும் மீண்டும் விவரிக்கப்படுகிறது. அத்துயரை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பல்கலைக்கழகம் அவ்வெழுத்துகளில் ஓர் இறங்குதளம் மட்டுமே. அதைச் சூழ்ந்த கொக்குவில், திருநெல்வேலி ஊர்களின் வீடுகள் படைநகர்வின் பின்புலம் மட்டுமே. சர்தேஷ்பாண்டே இவ்வகையில் சற்று விலகி நிற்கிறார். தம் படையின் குறைகளை அவர் ஒளிக்கவில்லை. மூன்று நூல்களுள் மறுபடியும் படிக்கத் தக்கது அவருடையதே என்பது என் கருத்து.

தூதராயிருந்த தீட்சித்தின் நூல் (1998) வேறொரு கோலை எடுக்கிறது. ஒப்பந்தத்தோடு பரிமாறிக்கொள்ளப்பட்ட கடிதங்கள் திருகோணமலைத் துறைமுகம், எண்ணெய்க் குதங்கள், அயல்நாட்டுப் படைப்பயிற்சியாளர், வானொலி நிலையம் ஆகியவற்றைப் பற்றியவை. இக்கோலால் அளந்தால் இடையீடு முற்றும் தோற்றதெனச் சொல்ல இயலாது. திருகோணமலைக் குதங்கள் குறித்து 2022 சனவரியில் இந்தியா மீண்டும் உடன்படிக்கை செய்துகொண்டதை எண்ணிப் பார்க்கலாம். மாறாக, தமிழருக்கென அவ்வொப்பந்தம் கொணர்ந்த மாகாணசபையின் கதை வேறு. இணைந்த வடகிழக்கை 2006இல் இலங்கை உச்சநீதிமன்றம் பிரித்தது. வடக்குக்குத் தனிச்சபை 2013இல்தான் தேர்ந்தெடுக்கப்பட்டது. 2018இல் அதன் காலம் முடிந்தபின் உரிய காலத்தில் தேர்தல் நடக்கவில்லை. கடிதங்கள் ஒப்பந்தத்தைவிட நீண்டநாள் வாழ்ந்தன எனலாம்.

‘முறிந்த பனை’யின் கணக்கு

ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், க. ஸ்ரீதரன், ராஜினி திராணகம ஆகிய நால்வரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர்கள். கணிதம், உளமருத்துவம், உடற்கூற்றியல் முதலிய துறைகளைச் சார்ந்தவர்களே அன்றி எழுத்தாளர் எனப் பெயர்பெற்றவர்கள் அல்லர். படை இன்னும் தெருவில் நின்றபோதே அவர்கள் எழுதினார்கள். ஆங்கிலத்தில் 1990இல் வெளிவந்து பின்னர் தமிழாக்கம் பெற்ற இந்நூல், அச்சேறுமுன்னரே தன் ஆசிரியருள் ஒருவரை இழந்தது. 1989 செப்டம்பர் 21 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து மிதிவண்டியில் வீடு திரும்பிய ராஜினி, திருநெல்வேலியில் சுட்டுக் கொல்லப்பட்டார். புலிகளே கொன்றனர் என்று அவருடைய குடும்பத்தாரும் உடன் எழுதியோரும் கூறியுள்ளனர்.

யாழ் மருத்துவமனை நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். அன்றும் மறுநாளும் அங்கு மருத்துவர், செவிலியர், நோயாளர் என அறுபதுக்கும் மேற்பட்டோர் இந்தியப் படையினரால் கொல்லப்பட்டனர். இருதரப்புச் சண்டையின் நடுவே அகப்பட்டவர்கள் என்பது படைத்தரப்பு விளக்கம். நூல் இவ்விளக்கத்தை ஏற்கவில்லை. கைகளை உயர்த்தித் தம்மை மருத்துவர் என அறிவித்துக்கொண்டு வந்த குழந்தை மருத்துவர் ஒருவர் சுடப்பட்டதை உயிர்தப்பியோர் வாய்மொழியால் நிறுவுகிறது. அதே பக்கங்களில், அதற்குச் சில மணிநேரம் முன்பு புலிகள் மருத்துவமனை வளாகத்துள் இருந்ததையும், வெளியேறுமாறு மருத்துவர்கள் வேண்டியதையும் அது பதிவுசெய்கிறது. இரண்டாவது செய்தி முதலாவதன் கொடுமையைத் தணிக்கும் வாதமாக அங்கு வரவில்லை. இருபுறத்தாரும் தம்மைக் கேடயமாகவோ தடையாகவோ மட்டுமே கண்டனர் என்பதை அந்த மருத்துவமனையில் இருந்தோர் உணர்ந்த கணத்தை அது காட்டுகிறது. தளபதியர் நூல்களில் நிபந்தனை வாக்கியம் எப்பணியைச் செய்கிறதோ, அப்பணியை இங்கு ‘அப்போது நாங்கள் படுத்திருந்தோம்’ என்னும் வகையிலான எளிய இறந்தகாலக் கூற்று செய்கிறது.

போரில் பெண்களின் பாடு குறித்து ராஜினி எழுதிய இயல் இந்நூலின் உச்சம். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களின் சொற்களை அவர் திரட்டினார். ஆயின் வன்முறையை மட்டும் எழுதி அவர் நிற்கவில்லை. அப்பெண்களை ஊர் எவ்வாறு பார்த்தது, எந்தச் சொல்லால் ஒதுக்கியது, விடுதலை பேசிய இயக்கம் அவர்களைத் தன் பரப்புரைக்கு எவ்வாறு பயன்படுத்தி அவர்தம் துயரை எவ்வாறு கைவிட்டது என்பனவற்றையும் எழுதினார். இடையீட்டின் விளைவு என்பது படை போனபின்னும் வீட்டுத் திண்ணையில் நீடிக்கும் ஒன்று என்பதை முதலில் சொன்ன தமிழ் எழுத்துகளுள் இது முன்னிற்பது. ஆங்கிலத்தில் எழுதப்பட்டதை ‘தமிழ் எழுத்து’ என்பதா என வினவலாம். வாய்மொழி தமிழ், நினைவு தமிழ், மூலவாசகர் தமிழர். எழுத்துரு மட்டுமே ஆங்கிலம் என்பதே என் விடை.

1989இல் வடகிழக்கு மாகாண அரசைக் காக்கவென இளைஞர்கள் வீதிகளிலும் வீடுகளிலும் பிடிக்கப்பட்டுக் கட்டாயப் படையில் சேர்க்கப்பட்டனர். இந்தியப் படை விலகியதும் அவர்களுட் பலர் புலிகள் கையில் மாண்டனர். இவ்விளைஞர்கள் எந்தத் தரப்பின் இழப்புக் கணக்கிலும் நிறைவாக இடம்பெறவில்லை. இந்தியத் தரப்பின் 1,200இல் அவர்கள் இல்லை. மாவீரர் பட்டியலிலும் இருக்க வழியில்லை. மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் என்னும் பெயரில் இதே குழுவினர் வெளியிட்ட அறிக்கைகளில்தான் அவர்களுக்கு ஓரளவேனும் இடம் கிடைத்தது.

நூலுக்குக் குறைகளும் உள. யாழ்ப்பாணத்தின் படித்த நடுத்தர வகுப்பின் சன்னலிலிருந்தே அது பெரும்பாலும் பார்க்கிறது. மட்டக்களப்பு, திருகோணமலை மக்களின் அனுபவம் ஒப்பிடுகையில் குறைந்த இடமே பெறுகிறது. 1988 மார்ச், ஏப்ரல் மாதங்களில் மட்டக்களப்பில் உண்ணாநோன்பிருந்து இறந்த அன்னை பூபதியின் போராட்டம் போன்றவற்றை இதன் அளவுகோல் எளிதில் அளக்காது. அது புலிகளின் அரசியலுக்குள் உடனே ஈர்க்கப்பட்டது உண்மை. ஆயினும் ஒரு தாய் அயற்படையை நோக்கி உடலை முன்வைத்ததன் பொருள் அவ்வரசியலோடு முடிந்துவிடுவதில்லை.

இதனினும் பெரிய குறை தமிழகத்து வாசிப்பில் உள்ளது. இந்தியப் படையின் கொடுமைக்குச் சான்று தேடுவோர் மருத்துவமனைப் பக்கங்களை மட்டும் எடுத்தனர். புலிகளின் கொடுமைக்குச் சான்று தேடுவோர் ராஜினியின் மரணத்தை மட்டும் எடுத்தனர். ஒரு நூலை இரண்டாகப் பிளந்து ஆளுக்கொரு பாதியைக் கொண்டுபோன வாசிப்பு இது. நம் துறைகளும் இதற்குப் பொறுப்பேற்க வேண்டும். ‘ஆவணம்’ என முத்திரையிட்டு இலக்கியப் பாடத்துக்கு வெளியே நிறுத்தியதால், அந்நூலின் சொல்முறையைப் பற்றிப் பேசும் வாய்ப்பை நாமே இழந்தோம். தமிழ்நதியின் ‘பார்த்தீனியம்’ (2016) போன்ற நாவல்கள் இக்காலத்தைப் புனைவாக்கியபின், அவற்றுக்கு முன்னோடியான உரைநடை எதுவெனத் தேடும் ஆய்வாளர் முதலில் வந்துசேர வேண்டிய இடம் ‘முறிந்த பனை’யே.

தமிழகத்துக்கு வெளியே தமிழ் கற்பிக்கும் எனக்கு இதில் ஓர் அனுபவம் உண்டு. மாணவர் ஒருவரின் தந்தை, தமிழரல்லாதவர், அப்படையில் பணியாற்றியவர். ஒருநாள் துறைக்கு வந்தவர், கோப்பாய், உரும்பிராய், மருதனார்மடம் என ஊர்ப்பெயர்களை அடுக்கினார். ஒலிப்பு சிதைந்திருந்தது, வரிசை மட்டும் பிழையின்றி இருந்தது. அவை எவ்வூர்கள் என நான் கேட்டதற்கு, அங்கு மனிதர்களை அதிகம் பார்க்கவில்லை, கதவுகள் மூடியிருந்தன என்றார். அவரைக் குற்றவாளியாகவும் என்னால் காண இயலவில்லை, தியாகியாகவும் காண இயலவில்லை.

பெயரிலிருந்து தொடங்கினோம், பெயர்களையே மீண்டும் பார்க்கலாம். ஆங்கில நூல்கள் அப்படையை நான்கு எழுத்துச் சுருக்கத்தால் சுட்டுகின்றன. தமிழக இதழ்கள் ‘அமைதிப்படை’ என்றன. அச்சொல் 1994இல் ஓர் அரசியல் எள்ளல் திரைப்படத்துக்குத் தலைப்பாகுமளவுக்குப் பொருளிழந்தது. இலங்கையில், ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டையில் அப்படையினருக்கு நினைவிடம் எழுந்தபின், 2019இல் திறக்கப்பட்ட தில்லிப் போர் நினைவகத்திலும் அவர்கள் பெயர்கள் பொறிக்கப்பட்டன. 1987 நவம்பரில் யாழ்ப்பாணத்தில் வீழ்ந்து பரம்வீர் சக்கரம் பெற்ற மேஜர் இராமசாமி பரமேஸ்வரன் தமிழ்க் குடியில் பிறந்தவர். யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கிலோ ‘அமைதி’ என்னும் சொல் அப்படையின் பெயரோடு ஒட்டவே இல்லை. மூதாட்டியர் ஒரு திருமணத்தையோ பிறப்பையோ காலங்குறிக்கும்போது ‘இந்தியன் ஆமிக் காலம்’ என்றே சொல்கின்றனர். அதற்கு முன்னும் பின்னும் வந்த படைகளையும் அவர்கள் ‘ஆமி’ என்றே சொன்னார்கள்.