மூடியைத் திறந்தவர் யார்?

ஓர் ஓவியத்தை மற்றவர் காணலாகாது என்று அதன் முன்னே மணிக்கணக்கில் மறைத்து நிற்கும் மனிதரைக் கலையுலகம் அடிக்கடி காண்பதில்லை. 2017-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நியூயார்க் நகரின் விட்னி அருங்காட்சியகத்தில் அத்தகைய நிகழ்ச்சி நடந்தது. ஈராண்டுக்கு ஒருமுறை அங்கே கூடும் அமெரிக்கக் கலைக் கண்காட்சியின் தொடக்க நாள்களிலேயே பார்க்கர் பிரைட் என்னும் கறுப்பினக் கலைஞர் ஓர் ஓவியத்தின் எதிரே வந்து நின்றுகொண்டார். கறுப்பர் சாவு வேடிக்கைக் காட்சியாகிவிட்டது என்று பொருள்படும் சொற்களை அவர் தம் சட்டையின் முதுகில் எழுதியிருந்தார். பெர்லினில் வாழ்ந்த ஹன்னா பிளாக் என்ற கலைஞர் ஒரு படி மேலே சென்று, அவ்வோவியத்தை அகற்றினால் மட்டும் போதாது, அழித்துவிட வேண்டும் என்று திறந்த மடல் வரைந்தார். வேறு சிலரும் அதில் ஒப்பமிட்டனர்.

ஓவியத்தின் பெயர் 'திறந்த சவப்பெட்டி'. 2016-இல் அதைத் தீட்டியவர் டேனா ஷூட்ஸ் என்னும் வெள்ளையினப் பெண்மணி. பெட்டிக்குள் கிடப்பவன் எமெட் டில் என்ற பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவன்.

இச்செய்தியை முதன்முதல் படித்தபோது நம் மனம் ஓவியரின் பக்கமே சாய்ந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பிறர் துயரை எழுதவும் வரையவும் பிறப்புச் சான்றிதழ் கேட்கத் தொடங்கினால் கலை எஞ்சுமோ என்று கேட்டுக்கொண்டோம். அக்கேள்வியை இன்றும் நாம் கைவிடவில்லை. ஆயினும் எமெட் டில்லின் கதையை முழுவதும் அறிந்தபின், அந்த ஓவியத்தைப் பற்றிய நம் தீர்ப்பு மாறிவிட்டது. மாறியதற்குக் காரணம் ஓவியரின் நிறமன்று. அச்சிறுவனின் தாய் செய்த ஒரு செயல்.

1955 ஆகஸ்டில் சிகாகோவிலிருந்து உறவினரைக் காண மிசிசிப்பி மாநிலத்துக்குச் சென்றிருந்தான் எமெட். மனி என்ற சிற்றூரின் கடையொன்றில், கல்லாவில் இருந்த வெள்ளையினப் பெண்ணிடம் முறைகேடாக நடந்துகொண்டான் என்பது அவன்மீது சுமத்தப்பட்ட பழி. சில நாள் கழித்து, ஆகஸ்டு 28 அன்று நள்ளிரவு கடந்த வேளையில், அப்பெண்ணின் கணவன் ராய் பிரையண்டும் அவனுடைய தாய்வழி அரைச் சகோதரன் மைலமும் வந்து சிறுவனை வீட்டிலிருந்து இழுத்துச் சென்றனர். மூன்று நாள் கழித்து டாலஹாட்சி ஆற்றில் அவன் உடல் கிடைத்தது. பஞ்சாலையின் இரும்பு விசிறி ஒன்று முள்கம்பியால் கழுத்தில் பிணைக்கப்பட்டிருந்தது.

உடலை அங்கேயே, அன்றே புதைத்துவிட மிசிசிப்பி அதிகாரிகள் முயன்றனர். தாய் மேமி டில் இசையவில்லை. அவரது வற்புறுத்தலால் உடல் சிகாகோ வந்தது. ஆனால் பெட்டியைத் திறக்கலாகாது என்ற நிபந்தனையோடு முத்திரையிடப்பட்டு வந்தது. தேவையானால் சுத்தியலால் தாமே உடைப்பேன் என்ற உறுதியோடு அவர் அதைத் திறக்கச் செய்தார். பாதத்திலிருந்து தொடங்கி, முழங்கால், மார்பு என மேல்நோக்கித் தம் மகனை அங்கம் அங்கமாகப் பார்த்துக்கொண்டே போய்க் கடைசியில் முகத்துக்கு வந்ததாக அவர் பின்னாளில் தம் வரலாற்று நூலில் எழுதினார். சிதைந்த முகத்தைச் சீர்செய்து தருவதாகச் சவ அடக்கப் பணியாளர் சொன்னபோது வேண்டாமென்றார். தாம் கண்டதை எல்லாரும் காண வேண்டும் என்று முடிவுசெய்தார்.

இம்முடிவைத் துயரத்தின் வேகம் என்று கொள்வது பெரும் பிழை. ஒரு கலைஞன் தன் படைப்பைக் குறித்துச் செய்யும் தேர்வுகள் அத்தனையும் அதில் இருந்தன. உடலின்மேல் கண்ணாடி மூடச் செய்தார். மூடியின் உட்புறத்தில், முந்தைய கிறிஸ்து பிறப்பு விழாவின்போது எடுத்த, மகன் புன்னகைக்கும் நிழற்படங்களைப் பொருத்தினார். அந்த முகமும் இந்த முகமும் ஒரே பார்வையில் விழ வேண்டும். ஆலயத்தில் பல்லாயிரவர் வரிசையில் நின்று கண்டனர். மயங்கி விழுந்தவர் பலர். டேவிட் ஜாக்சன் எடுத்த நிழற்படத்தைக் கறுப்பினத்தவர் நடத்திய 'ஜெட்' என்ற கையடக்க வார இதழ் செப்டம்பரில் வெளியிட்டது. வெள்ளையர் நடத்திய பெரும் நாளேடுகள் அதை அச்சிடவில்லை. நாட்டின் மறுபாதி பல ஆண்டுகள் அதைக் காணாமலே இருந்தது. கறுப்பினக் குடும்பங்களில் வளர்ந்த ஒரு தலைமுறையோ அப்படத்தைக் கண்ட நாளை வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

வழக்கு மன்றத்தில் நடந்ததை இங்கே சற்று நின்று நோக்க வேண்டும். ஆங்கிலத்தில் ரெப்ரசென்டேஷன் என்ற ஒரே சொல் கலையில் ஒருவரைச் சித்திரிப்பதையும், ஆட்சியில் ஒருவருக்காக அமர்வதையும் குறிக்கும். தமிழில் இரண்டுக்கும் இரு சொற்கள் உள்ளதால் அவற்றுக்கிடையே உள்ள உறவை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். டாலஹாட்சி மாவட்டத்தில் கறுப்பினத்தவரே பெரும்பான்மையினர். ஆயினும் வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருவர் பெயரும் இல்லை. நடுவர் குழுவினரை அப்பட்டியலிலிருந்தே எடுப்பர். பெண்களுக்கும் அக்குழுவில் அன்று இடமில்லை. ஆகவே பன்னிரண்டு வெள்ளை ஆடவர் அமர்ந்தனர். 67 நிமிடங்களில் இருவரும் குற்றமற்றவர் என்றனர். இடையில் குளிர்பானம் அருந்த நிற்காவிட்டால் இவ்வளவு நேரம்கூட ஆகியிருக்காது என்று அவர்களுள் ஒருவர் சொன்னதாக அன்றைய செய்தியாளர்கள் பதிவு செய்துள்ளனர். விடுதலை பெற்றபின் அவ்விருவரும் 1956 சனவரியில் வெளியான 'லுக்' இதழின் கட்டுரையாளரிடம் பணம் பெற்றுக்கொண்டு, கொன்றது தாங்களே என்று விவரமாகச் சொன்னார்கள். ஒரே குற்றத்துக்கு இருமுறை விசாரிக்கச் சட்டம் இடந்தராது.

அவ்வழக்கில் எதிர்த்தரப்பு முன்வைத்த வாதம் யாது? ஆற்றில் கிடைத்த உடல் எமெட் டில்லுடையதே அன்று என்பதுதான். முகம் அடையாளம் தெரியாதபடி உள்ளது, அது யாருடையதாகவும் இருக்கலாம் என்று அம்மாவட்டக் காவல் தலைவரே சாட்சி சொன்னார். மேமி டில் சாட்சிக் கூண்டில் ஏறி, அது தம் மகனே, தாய்க்குத் தன் பிள்ளையைத் தெரியாமல் போகாது என்று உறுதி கூறினார். அன்று போராட்டம் முழுவதும் ஒரு முகத்தைப் பற்றியது: அது ஒருவனுடைய முகமா, ஒருவருடையதும் இல்லாத சிதைவா?

இப்போது டேனா ஷூட்ஸின் ஓவியத்துக்கு வருவோம். வெள்ளைச் சட்டை அணிந்த உடல் படுத்திருக்கிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பும் சிவப்புமான வண்ணங்கள் தடித்துத் திரண்டு, தூரிகை இழுத்த இழுப்பில் குழைந்து கிடக்கின்றன. வண்ணக்குழம்பு துணிமேல் புடைத்தெழ, நடுவே ஒரு வெட்டு ஓடுகிறது. இந்த ஓவியர் திறமையற்றவர் அல்லர். தடித்த வண்ணத்தை உடலாக மாற்றும் வல்லமையால் பெயர்பெற்றவர் அவர். அமெரிக்காவில் கறுப்பராக வாழ்வது எத்தகையது எனத் தாம் அறியார் எனினும் தாய்மை எத்தகையது எனத் தாம் அறிவார் என்ற கருத்தில் அவர் விளக்கம் தந்தார். அவ்வோவியத்தை என்றும் விற்கப்போவதில்லை என்றும் கூறினார். அவரது எண்ணத்தை ஐயுற நமக்குக் காரணமில்லை.

ஆனால் ஓவியம் எண்ணத்தால் மட்டும் எடைபோடப்படுவதில்லை. யாரும் சீர்செய்யக் கூடாது என்று தாய் தடுத்த முகத்தை இங்கே தூரிகை மாற்றிவிட்டது. மூடியிலிருந்த புன்னகைப் படங்கள் இல்லை. எனவே கிடப்பவன் யார் என்பதே மறைந்துபோய் வண்ணத்தின் அழகு முன்னே வந்து நிற்கிறது. இது யாருடைய முகமாகவும் இருக்கலாம் என்று சொல்வதற்கு அது இடந்தருகிறது. அன்று காவல் தலைவர் சொன்னதும் அதுவேயன்றோ! ஓவியர் அறியாமலே அந்த வாதத்தின் அருகில் போய் நின்றுவிட்டார் என்பதே நம் குறை.

துயருற்ற உடலை அழகாக்குவது கலையில் புதிதா என்று வாசகர் கேட்கலாம். இறந்த மகனை மடியில் தாங்கிய அன்னையின் திருவுருவை வழிவழியாகக் கண்டு வருபவர்கள் நாம். மைக்கேலாஞ்சலோவின் பளிங்குச் சிலையில் காயங்கள் ஏறத்தாழ இல்லை. உறங்குபவர் போலவே கிடக்கிறார். அதைக் குறைசொல்வாரில்லை. எனினும் அதே மரபில் க்ரூனவால்ட் தீட்டிய ஐசன்ஹைம் பலிபீட ஓவியமும் உண்டு. அதில் சிலுவையில் தொங்கும் உடலெங்கும் கொப்புளங்களும் முட்களும், விறைத்து விரிந்த விரல்களும் காணப்படும். புனித அந்தோனியார் சபைத் துறவிகள் தோலழுகல் நோயாளிகளைப் பேணிய மருத்துவ மனைக்காக அது 1510-களில் வரையப்பட்டது. பார்ப்பவர் யார், அவர் உடம்பில் என்ன நோய் என்பதை அறிந்து, அவருக்காக அந்த ஓவியர் அழகைத் துறந்தார். மேமி டில் தேர்ந்தது இந்த இரண்டாம் வழியை. அவர் தேர்ந்த வழியை மாற்றும் உரிமை பிறருக்கு அத்துணை எளிதில் கிட்டுவதில்லை.

அப்படியானால் வெள்ளையர் இக்கதையைத் தொடவே கூடாதா? இதற்கு விடை தேடும்போது நம் நினைவுக்கு வருபவர் சிகாகோவின் கறுப்பினக் கவிஞர் குவெண்டலின் புரூக்ஸ். 1960-இல் வந்த அவரது தொகுப்பில் இக்கொலை பற்றிய நெடிய கவிதை ஒன்று உண்டு. அதில் நாம் நிற்பது சவப்பெட்டியின் அருகில் அன்று, கொலையாளியின் சமையலறையில். காலை உணவு அடுப்பில் கருகுகிறது. கணவனை வீர இளவரசனாகவும் தன்னை அவன் மீட்ட மங்கையாகவும் பழங்கதைப் பாணியில் எண்ணிப் பார்க்கிறாள் அந்த வெள்ளைப் பெண். ஆனால் கதையில் வரவேண்டிய கொடிய அரக்கன் பாலகனாக இருந்துவிட்டதால் கதை பொருந்தாமல் இடிக்கிறது. உணவு மேசையில் கணவன் தன் குழந்தையை அறையும்போது அந்தக் கையில் வேறொன்றை அவள் காண்கிறாள். தன் இனச் சிறுவனைக் கொன்றவர் வீட்டுக்குள் ஒரு கறுப்பினப் பெண் புகுந்து, அங்கிருந்த பெண்ணின் உள்ளத்தை இவ்வளவு நுட்பமாக எழுதியிருக்கிறார். பிறப்புச் சான்றிதழ் கேட்போருக்கு இதைவிட நல்ல மறுமொழி நாம் அறிந்தவரையில் இல்லை. அதே வேளையில், வெள்ளையின ஓவியருக்கு எதிரே அறுபது ஆண்டுகளாகத் திறந்திருந்த கதவு எது என்பதையும் இக்கவிதையே காட்டுகிறது. அந்தக் கடை, அந்தச் சமையலறை, குளிர்பானம் அருந்திய பன்னிருவர்: இவற்றை வரைந்திருந்தால் அவர் கண்ணுக்கு வேலை மிகுதியாக இருந்திருக்கும்.

விட்னி கண்காட்சியிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருந்தது. 2016 சூலையில் மினசோட்டாவில் காருக்குள் காவலரால் சுடப்பட்டு மாண்ட ஃபிலாண்டோ காஸ்டிலைக் கறுப்பின ஓவியர் ஹென்றி டெய்லர் தீட்டியிருந்தார். சாய்ந்து கிடக்கும் மனிதரின் விழி திறந்தே இருக்கிறது. காரின் சன்னலில் துப்பாக்கி ஏந்திய கை ஒன்று தெரிகிறது. சுட்டவனின் கை படத்துக்குள் இருக்கிறது! 'திறந்த சவப்பெட்டி'யில் அத்தகைய கை இல்லை. இரண்டையும் ஒரே கண்காட்சியில் பார்த்தவர்கள் வேறுபாட்டை உணராமல் இருந்திருக்க முடியாது.

ஓவியத்தை அழிக்க வேண்டும் என்ற கோரிக்கையை நாம் ஏற்கவில்லை. மூடி முத்திரையிடுவது யாருடைய வழக்கம் என்பதை இக்கதையே சொல்கிறது. கறுப்பினக் கலைஞர் பலரும் அக்கோரிக்கையை எதிர்த்தனர். அருங்காட்சியகம் ஓவியத்தை அகற்றவில்லை; கண்காட்சி முடியும்வரை அது அங்கேயே இருந்தது. பார்க்கர் பிரைட் நின்றதை வன்முறை என்று சொன்னவர்களும் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் எதையும் கிழிக்கவில்லை. தம் உடலை நடுவில் வைத்தார், பார்க்க வந்தவர்களுடன் பேசினார். ஒரு திறனாய்வாளன் சொல்லால் செய்வதை அவர் நின்று செய்தார் எனலாம்.

2022-இல் கறுப்பின இயக்குநர் சினோன்யே சுக்வூ எடுத்த 'டில்' என்னும் திரைப்படம் கொலையைத் திரையில் காட்டவில்லை. தாயின் முகத்தையே விடாமல் காட்டியது. அதே ஆண்டு மார்ச்சில்தான் கும்பல் கொலையைக் கூட்டரசுக் குற்றமாக்கும் சட்டம் எமெட் டில்லின் பெயரால் கையொப்பமானது. அத்தகைய முதல் மசோதாவை 1900-இல் கொணர்ந்தவர் சார்ச்சு ஹென்றி ஒயிட். அன்று அமெரிக்கப் பேரவையில் இருந்த ஒரே கறுப்பின உறுப்பினர் அவரே. இடைப்பட்ட 122 ஆண்டுகளில் இத்தகைய மசோதாக்கள் மீண்டும் மீண்டும் வந்து வீழ்ந்தன. தாய் மேமி 2003-இல் மறைந்தார், சட்டத்தைக் காணவில்லை.

டாலஹாட்சி ஆற்றங்கரையில் உடல் கிடைத்த இடத்தைக் குறிக்கும் பலகை 2008-இல் நடப்பட்டது. அதைத் திருடிச் சென்றார்கள். மறுபடியும் நட்டார்கள், சுட்டுத் துளைத்தார்கள். அடுத்ததையும் சுட்டார்கள். 2019 அக்டோபரில் குண்டு துளைக்காத பலகை வைக்கப்பட்டது. துளைகள் நிறைந்த பழைய பலகை ஒன்று 2021-இல் வாசிங்டன் நகரின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதில் ஒரு துளையையும் யாரும் அடைக்கவில்லை.