பாஹுக்குப் பொட்டு வைக்கிறவர்கள்

சோமனூரில் ஒரு காடாத் துணி குடோனுக்கு மேலே மாடியறையில் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். பியானோ என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். இருப்பது இரண்டு டிஜிட்டல் பியானோ, நான்கு கீபோர்டு. ஜன்னலைத் திறந்தாலும் தறிச் சத்தம், மூடினாலும் தறிச் சத்தம். தறி முதலாளி வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள், தறி ஓட்டுகிறவர்களின் பிள்ளைகள் வருகிறார்கள், எங்கள் சக்கிலிய வளவிலிருந்து மூன்று பேர் வருகிறார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு பாஹ், ஹைடன், மொஸார்ட், பீத்தோவன் என்கிற பெயர்களை நாம் எப்படி 'அறிமுகப்படுத்துகிறோம்' என்பதுதான் இங்கே என் பேச்சு. இதில் தலித் பிரச்சினை எங்கே வந்தது என்று கேட்கிற தோழர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

நான் மாதா கோயில் கீபோர்டில் கைபழகியவன். பிறகு கிரேடு பரிட்சைக்காகக் கோவையில் ஒரு மாஸ்டரிடம் போனேன். ஆயுத பூஜையன்று போனபோது பியானோ மேலே பாஹ், மொஸார்ட், பீத்தோவன் மூவர் படத்துக்கும் சந்தனம், குங்குமம், மல்லிகைச் சரம். "இவங்கெல்லாம் நம்ம மும்மூர்த்திகள் மாதிரிப்பா. தெய்வப் பிறவிங்க. தொட்டுக் கும்பிட்டுட்டு ஒக்காரு" என்றார். கும்பிட்டேன். சுண்டல் கொடுக்கும்போது எனக்கு மட்டும் கை ஒரு முழம் உசரத்தில் நின்றது. அதுக்கும் முந்தியே ஊர் விசாரித்து, ஊருக்குள் எந்தப் பக்கம் என்று விசாரித்து, "அட, உங்காளுக தப்பட்டை அடிக்கறவங்கதானப்பா, தாளம் ரத்தத்துலயே இருக்கும், எண்ணவே வேண்டாம்" என்று சொல்லியிருந்தார். அதைப் பாராட்டு என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். எண்ணாமல் வாசித்து முதல் பரிட்சையில் தாளம் தவறினேன்.

மேலைச் செவ்வியல் இசையில் சாதி கிடையாது, அது ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது, காசு கொடுத்தால் யாரும் வாங்கிப் படிக்கலாம் என்று நம்மவர்கள் பலர் சொல்கிறார்கள். நானும் பாதி அப்படித்தான் நம்புகிறேன். குரு மனசு வைத்தால்தான் வாய் திறப்பார் என்கிற ஏற்பாட்டிலிருந்து வந்தவனுக்கு, ஐந்து கோட்டில் அச்சடித்த தாள் ஒரு விடுதலைதான். 1968க்குப் பிறகு பண்ணைப்புரத்து ராசையாவுக்கு மயிலாப்பூர் லஸ் பக்கத்து லாட்ஜ் அறையில் தன்ராஜ் மாஸ்டர் திறந்துவிட்டது அந்தத் தாளைத்தான். ராசையாவை 'ராஜா' ஆக்கியதும் அவர்தான். முன்னால் 'இளைய' சேர்ந்தது 1976ல் 'அன்னக்கிளி'யின்போது. ஏ.ஆர்.ரஹ்மானும் பின்னாளில் அதே மாஸ்டரிடம் படித்தவர். சென்னையின் சினிமா இசைக்கு ஒரு பல்கலைக்கழகம் இருந்ததென்றால் அது அந்த லாட்ஜ் அறைதான். அதற்கு ஒரு நல்ல வரலாறு இன்னும் எழுதப்படவில்லை என்பது என் வருத்தம்.

ஆனால் மீதிப் பாதி? தாள் சாதி பார்க்காது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு அறிமுகம் செய்கிறவர் பார்க்கிறார். பார்ப்பனியம் தன் பூஜையறையைத் தூக்கி வந்து அப்படியே பாஹைச் சுற்றிக் கட்டிவிடுகிறது. மாணவர்களுக்கான 'இசை மேதைகள்' புத்தகங்களை எடுத்துப் பாருங்கள். ஆளுக்கு ஒரு பக்கம், ஒரு படம், விக் வைத்த தலை. ஐந்து வயதில் வாசித்தார், ஆறு வயதில் எழுதினார், காது கேளாமலே படைத்தார். வேலை இல்லை, கூலி இல்லை, எசமான் இல்லை. பிறவி மட்டும் இருக்கிறது. பிறவியால் மேதை என்கிற கதையை நம் சமூகத்தில் ஒரு பிள்ளை எந்தக் காதால் கேட்கும்?

அந்தப் பக்கங்கள் மறைக்கிற சங்கதிகளைச் சொல்கிறேன். ஹைடனின் அப்பா வண்டிச்சக்கரம் செய்கிறவர். அம்மா பிரபு வீட்டுச் சமையல்காரி. 1761ல் எஸ்டர்ஹாசி குடும்பத்தோடு ஹைடன் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் கிடைக்கிறது. சீருடை போட வேண்டும், வெள்ளைக் காலுறை சுத்தமாக இருக்க வேண்டும், இன்றைக்கு இசை வேண்டுமா என்று கேட்க தினம் இரண்டு தடவை வாசல் அறையில் போய் நிற்க வேண்டும். எழுதிய இசை பிரபுவுக்குச் சொந்தம், அனுமதியில்லாமல் வெளியே கொடுக்கக் கூடாது. 1779ல்தான் இது தளர்ந்தது. பாவு அவனுது, ஊடை அவனுது, நெய்த துணியும் அவனுது, நமக்குக் கூலி மட்டும் என்பதை இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மொஸார்ட் 1781ல் வியன்னாவிலிருந்து அப்பாவுக்கு எழுதுகிறார்: ஆர்ச்பிஷப்பின் சாப்பாட்டு மேசையில் அந்தரங்க வேலைக்காரர்களுக்குக் கீழே, சமையல்காரர்களுக்குக் கொஞ்சம் மேலே தனக்கு இடம் என்று. அந்த வருஷமே ராஜினாமா கொடுக்கப் போனவரை ஆர்கோ என்கிற பிரபு பின்புறத்தில் உதைத்து வெளியே தள்ளினான். பாஹ் 1717ல் வைமாரில், வேலையிலிருந்து விடுவி என்று பிடிவாதம் பிடித்ததற்காக நாலு வாரம் போல் காவலில் கிடந்தார். முன்பணம் வாங்கிய தறிக்காரன் வேறு பட்டறைக்குப் போக முடியாமல் கிடக்கிற கதை நமக்குத் தெரியும்.

உடனே ஹைடனையும் நம்மாளாக்கிவிட வேண்டாம். அந்த அவசரம் நம் பக்கத்திலும் உண்டு. ஹைடனுக்கு 1791ல் ஆக்ஸ்போர்டில் டாக்டர் பட்டம் கொடுத்தார்கள். சீருடையைக் கழற்றி மாட்டிவிடலாம், சாதியை எந்த ஆணியில் மாட்டுவது? குவாடலூப்பில் அடிமைத் தாய்க்குப் பிறந்த செவாலியே த சேன்-ஜார்ஜ் கதைதான் நமக்குக் கிட்டத்தில் வருகிறது. 1770களில் பாரிஸ் ஓபராவுக்கு அவரை இயக்குநராக்கப் பேச்சு வந்தபோது, இந்தக் கலப்பினத்தானின் உத்தரவுக்குக் கீழே நாங்கள் வேலை செய்யமாட்டோம் என்று அங்கிருந்த பாடகியர் ராணிக்கு மனுப் போட்டார்கள். பதவி போயிற்று. ஹாண்டெல் அடிமை வியாபாரக் கம்பெனியில் பங்கு வைத்திருந்தவர். இதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுத்தான் அவர் இசையைச் சொல்லிக்கொடுக்கிறேன். நல்ல இசைதான், அதையும் மறைப்பதில்லை.

பிள்ளைகள் முதலில் படிக்கிற ஜி மேஜர் மினுயெட் இருக்கிறதே, பாஹ் எழுதியது என்று உலகமே வாசித்தது, அது பாஹுடையது இல்லை. கிறிஸ்டியன் பெட்ஸோல்ட் என்கிற டிரெஸ்டன் ஆர்கன் கலைஞருடையது. 1725ல் பாஹின் மனைவி அன்னா மக்தலேனாவுக்கென்று தொடங்கிய நோட்டுப் புத்தகத்தில் பெயரில்லாமல் இருந்ததால் பெரிய பெயரில் சேர்ந்துகொண்டது. 1970களில்தான் ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். இன்றைக்கும் சில புத்தகங்களில் 'பாஹ்' என்றே அச்சாகிறது. அந்த அன்னா மக்தலேனாவும் சம்பளம் வாங்கிய அரண்மனைப் பாடகி. புத்தகங்கள் அவரை 'பாஹின் மனைவி' என்பதோடு விட்டுவிடுகின்றன. பெயர் தெரியாதவர்களின் பாட்டெல்லாம் பெரிய பெயருக்குள் போய்ச் சேர்வது நமக்கொன்றும் புதிதல்ல.

2022 தொடக்கத்தில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கூலி உயர்வு கேட்டு விசைத்தறிகள் வாரக்கணக்கில் நின்றன. சோமனூர் அப்படி அமைதியாகி நான் கேட்டதில்லை. வகுப்பில் அப்போது ஹைடனின் 45ஆம் சிம்பொனியை எடுத்தேன். 1772ல், பிரபுவின் கோடை மாளிகையில் குடும்பத்தை விட்டு மாசக்கணக்கில் மாட்டிக்கொண்ட வாத்தியக்காரர்களுக்காக எழுதியது. கடைசிப் பகுதியில் ஒவ்வொருவராக வாசிப்பை முடித்து மெழுகுவத்தியை அணைத்துவிட்டு எழுந்து போவார்கள். இரண்டு வயலின் மட்டும் மிஞ்சும். பிரபுவுக்குப் புரிந்தது, மறுநாளே ஊர் திரும்ப உத்தரவு போட்டார் என்பார்கள். அதை ஆறு பேருக்குச் சுலபமாக்கிப் பிரித்துக் கொடுத்தேன். ஒவ்வொரு பிள்ளையாக சுவிட்சை அணைத்துவிட்டு எழுந்து போயிற்று. பெற்றோர்களையும் கூப்பிட்டிருந்தேன். இது வேலை நிறுத்தத்தின் இசை என்று கொஞ்சம் பெருமையாகவே பேசினேன். எங்கள் வளவிலிருந்து தார் சுத்தப் போகிற ஒரு அக்கா எல்லாம் கேட்டுவிட்டு, "அவிக ஊட்டுக்குப் போகோணும்னு வெளக்க அமத்திப்போட்டுப் போனாங்க, செரி கண்ணு. நாங்க ஊட்டுலதான மூணு வாரமாக் குக்கிக்கிட்டு இருக்கறோம். எங்களுக்குக் கூலி எவன் தாரான்?" என்றது. தறியை நிறுத்தியவர்கள் கூலிக்கு நெய்துகொடுக்கிற தறி உடமைக்காரர்கள். அவர்களிடம் வேலை செய்கிறவர்களை யாரும் கேட்டு நிறுத்தவில்லை. ஹைடனும் சம்பளக்காரர், அந்த மண்டபத்தைக் கூட்டியவரும் சம்பளக்காரர். ஒரு சிம்பொனி இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுமா? அக்காவுக்கு நான் பதில் சொல்லவில்லை.

இளையராஜாவுக்கு வருகிறேன். தமிழ்க் காதுக்கு பாஹை அறிமுகம் செய்த மிகப் பெரிய வாத்தியார் அவர்தான். தன்னைத் தலித் என்று அடையாளப்படுத்துவதை அவர் விரும்பியதில்லை. அதை வைத்து அவரைத் தூக்கியெறிவதும், அதை மறந்துவிட்டு அவரைக் கொடியாக்குவதும் இரண்டுமே எனக்குச் சோம்பேறித்தனமாகப் படுகிறது. 1986ல் வந்த 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பை எடுத்துக்கொள்வோம். தியாகராஜருக்கும் பாஹுக்கும் சமர்ப்பணம். இங்கே கோவை மாஸ்டரின் சந்தனப் பொட்டு எனக்குத் தெரிகிறது. ஆனால் உள்ளே ஒரு துண்டுக்குத் தலைப்பு 'ஐ மெட் பாஹ் இன் மை ஹவுஸ்'. என் வீட்டில் பாஹைச் சந்தித்தேன். ரொம்ப நாள் இந்தத் தலைப்பை வாய்க்குள் போட்டு மென்றிருக்கிறேன். எங்கள் வளவுக்கு வருகிற கவுண்டர் தெருமுனையில் நின்று கூப்பிடுவாரே தவிர வாசற்படி ஏறமாட்டார். இவர் வீட்டுக்கு பாஹ் வந்திருக்கிறார்! மூன்றாம் வயலின் பார்ட்டிட்டாவின் முன்னிசை ஓட ஓட, நம் பக்கத்து வயலின்கள் குறுக்கே பேசுகின்றன, மடக்கிக் கேட்கின்றன. கும்பிடு இல்லை. ஒரே ஒலிநாடாவில் அட்டையில் குனிந்தும் உள்ளே நிமிர்ந்தும் நிற்கிறார். அட்டையை விட்டுவிட்டு உள்ளே இருப்பதைத்தான் நான் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

2024 டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் அர்த்த மண்டபத்தருகே அவரை வெளியே நிற்கச் சொன்ன செய்தி வந்தது. எல்லோருக்கும் உள்ள விதிதான் என்றது நிர்வாகம். வதந்தி, சுயமரியாதையை விட்டுக்கொடுப்பவன் நானல்ல என்றார் அவர். மூன்றே மாதத்தில், 2025 மார்ச் 8 அன்று, லண்டன் மேடையில் அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியது. பாஹ் வீட்டுக்குள் வந்தார், லண்டன் உள்ளே விட்டது.

என் அறையில் இப்போது படம் எதுவும் இல்லை. ஒரு தறி முதலாளி, "ஏனுங் சார், ஒரு சரஸ்வதியாவது மாட்டக் கூடாதுங்களா" என்று கேட்டுவிட்டு, அடுத்த மாதம் பெண்ணை வேறு இடத்தில் சேர்த்துவிட்டார். படத்துக்குப் பதில் பலகையில் அந்தந்த வாரம் வாசிக்கிற துண்டின் பெயர், எழுதியவர், அவர் யாரிடம் என்ன வேலை பார்த்தார் என்று எழுதிவைக்கிறேன். போன வாரம் பார்ட்டோக். ஹங்கேரியக் குடியானவர் பாட்டுகளை ஃபோனோகிராஃபைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பதிந்தவர். 1926லிருந்து 1939 வரை மாணவர்களுக்கென்று 153 துண்டு எழுதி ஆறு தொகுதியாக வைத்தார். நான்காம் தொகுதியில் பல்கேரியத் தாளத்தில் ஒன்று வருகிறது. இரண்டு, இரண்டு, மூன்று என்று ஏழு.

எங்கள் வளவுப் பெண் அதை வாசித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தி, "அண்ணா, இது எங்க அப்புச்சி அடிக்கற அடி மாரியே இருக்குதுங்" என்றாள். எனக்கு மனசு பொங்கியது. பொங்கின நிமிஷமே கோவைக் குரலும் காதில் கேட்டது: ரத்தத்துலயே இருக்கும், எண்ணவே வேண்டாம்.

"அப்பிடியா அம்மிணி? ரண்டையும் எண்ணிப் பாரு" என்றேன். மேசையில் அப்புச்சி அடியைத் தட்டினாள். பிறகு பார்ட்டோக்கைத் தட்டினாள். மறுபடியும் முதலிலிருந்து தட்டினாள்.

"இல்லீங்ணா. வேறீங். எங்க அப்புச்சிது ஆறுங்."

அதையும் ஐந்து கோட்டில் எழுதச் சொல்லித் தாளைக் கொடுத்தேன். மேலே எழுதியவர் பெயர் போடுகிற இடத்தில் அவள் தாத்தா பெயரைப் போட்டுவிட்டு, "யாருகிட்ட வேல செஞ்சாருன்னும் போடோணுங்களா?" என்று கேட்டாள்.